இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

பிப்ரவரி 11, ஞாயிறு

சாலை முழுக்கப் பனிக்கட்டி. பூசைக்குப் போகவில்லை. அப்பா நேற்றைய பீன்ஸைச் சூடாக்கினார், நான் ரொட்டி தட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் ஆர்சேனியோ அல்புகர்க்கியிலிருந்து போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டோம்.

மலைச்சிங்கம் ஒரு கன்றைக் கொண்டுபோனதை நான்தான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிறந்து நான்கு நாள் ஆன கன்று.  அண்ணன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான். எழுபத்தோரு வயது, நெஞ்சில் பேஸ்மேக்கர், அடுத்த வீடு பத்து மைல். இந்த முறை தேதியும் சொன்னான்.

"ஈஸ்டர் வரைக்கும்தான்ப்பா. அன்னைக்கு வண்டி கொண்டு வருவேன். மாட்டை வித்துட்டு என்கூட வந்துடுங்க. துப்பாக்கி தூக்க முடியாத ஆளு மலையில மாடு வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

தூக்க முடியும். சுடத்தான் முடியாது. அப்பா இடக்கைக்காரர். பேஸ்மேக்கரை இடது தோளுக்குக் கீழேதான் பொருத்தியிருக்கிறார்கள். அவருடைய பழைய ரைஃபிளின் உதை நேராக அந்த இடத்தில்தான் விழும், கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது தோளில் வைத்தும் பார்த்தார். வலது கண்ணைச் சின்ன வயதில் முள்கம்பி கிழித்திருக்கிறது. நிழல் மட்டும்தான் தெரியும்.

போனை வைத்த பிறகு தட்டை ரொட்டியால் வழித்துத் தின்றார். "தோளு தாங்குற மாதிரி ஒண்ணு பாரு கண்ணு. நீதானே படிச்சவ" என்றார்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். அதனால் வரிப் படிவம், மருந்துச் சீட்டு, கிணற்று மோட்டாரோடு வந்த புத்தகம் எல்லாம் என்னிடம்தான் வரும். இப்போது இதுவும்.

பிப்ரவரி 13, செவ்வாய், சாண்டா ஃபே

அலுவலகத்தில் ஆற்று நீர்மட்ட எண்களுக்கு நடுவே துப்பாக்கிகளைப் பற்றிப் படித்தேன். பின்னால் காலடி கேட்டால் திரையை மாற்றினேன்.

ராணுவ மாதிரிக் கறுப்பு ரைஃபிள் வாங்கு, உதையே இருக்காது என்று அண்ணன் செய்தி அனுப்பியிருந்தான். மாலையில் அப்பாவிடம் போனில் சொன்னேன். "அதுல பொத்தான் எல்லாம் வலக்கைக்காரனுக்கு வெச்சிருப்பான். லீவர் ஒண்ணுதான் எந்தக் கைன்னு கேக்காது" என்றார். லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். அவர் கைக்கு ஆறு வயதிலிருந்து பழகிய அசைவு.

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அம்மாவின் தோட்டாக்களைத் தின்னுகிற துப்பாக்கியாக இருக்க வேண்டுமாம்.

அம்மா போய் ஆறு மாதம். அவளிடம் ஒரு சின்ன ரிவால்வர் இருந்தது, பாம்புக்கும் வெறிநாய்க்கும். மணிக்கட்டில் வாதம். கடைத் தோட்டா அவளுக்கு வலிக்கும் என்று, பனிக்காலம் முழுவதும் அப்பா சமையலறை மேசையில் உட்கார்ந்து வெடிமருந்தைக் குறைத்துத் தானே தோட்டா நிரப்பிக் கொடுப்பார். மூன்று ஜாம் புட்டி நிறையத் தோட்டா மீதி இருக்கிறது.

ஆக, கைத்துப்பாக்கித் தோட்டா போடுகிற லீவர் ரைஃபிள். தேடுவது என்ன என்றாவது தெரிந்தது.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றிச் சாம்பலைப் பார்த்து, அழுக்கு என்று சொல்லி அலுவலகத்தில் ஒருத்தி துடைக்க வந்தாள். விலகிக்கொண்டேன், ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் போல.

பிப்ரவரி 17, சனி

கடைக்குள் போய்ப் பத்து நிமிடம் தீவன மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கேட்க வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சரிசெய்துகொண்டு. கடைசியில் நெஸ்டோரா அக்காதான் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். கடை அவருடையது. பூட்ஸும் தீவனமும் முன்னால், துப்பாக்கிகள் பின்சுவரில்.

"எவ்வளவு நேரம்மா அந்தச் சோளத்தையே மொறைப்ப? அது பதில் சொல்லாது."

அப்பாவின் தோளைப் பற்றிச் சொன்னேன். கல்லா மேல் ஒரு கம்பளித் துண்டை விரித்து மூன்றை எடுத்து வைத்தார். முதலாவதின் தோட்டா அளவு நாற்பத்து நாலு. கரடிக்கே போதும், ஆனால் இந்த எடைக்கு உதை கோவேறு கழுதை மாதிரி என்றார். இரண்டாவது நாற்பத்தைந்து. அதுவும் முரடு, தோட்டா கிடைப்பதும் பாடு. மூன்றாவது முந்நூற்று ஐம்பத்தேழு. அதே குழலில் அம்மாவின் முப்பத்தெட்டுத் தோட்டாவும் போகும். கைத்துப்பாக்கிக்கான மருந்துதான், ஆனால் நீளக் குழலில் ஓடும்போது அதற்குரிய பெரிய தோட்டாவுக்கு வேகம் கூடும். நூறு கஜத்துக்குள் மலைச்சிங்கத்துக்குப் போதும்.

முந்நூற்று ஐம்பத்தேழிலேயே இரண்டு இருந்தன. ஒன்று குட்டைக் குழல். அழகாக, பொம்மை மாதிரி, தோளில் வைக்கும் கட்டையின் முனையில் வளைந்த பித்தளைத் தகடு. மற்றொன்று இருபது அங்குலம், பார்வைக்குச் சாதாரணம், கனம் அதிகம், முனையில் ரப்பர். கனம் கூடினால் உதை குறையும் என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக என் இடது தோளில் வைத்துப் பார்த்தேன். அப்பாவின் தோலுக்கடியில் அந்தச் சின்னப் புடைப்பு எங்கே இருக்கும் என்று நினைத்தபடியே. பித்தளை அங்கேதான் குத்தியது. நீளமானதை எடுத்துக்கொண்டேன்.

படிவம் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். "யாரைச் சுடப் போகுது பாப்பா? புருஷனையா? முதல்ல ஒருத்தனைக் கட்டிக்கணுமே" என்று ஒருவன். மற்றவன் சிரித்தான். முகம் எரிந்தது. நெஸ்டோரா அக்கா அவர்களைத் திட்டிக்கொண்டே என்னிடமும் ஏதோ சொன்னார். கையால் நிரப்பின தோட்டா பற்றி, குழல் நீளம் பற்றி. பாதிதான் காதில் விழுந்தது. என்ன அக்கா என்று திரும்பக் கேட்டிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அப்பா பத்து சுட்டார். பலகையில் ஒரு கையளவுக்குள் எல்லாம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

"உங்கம்மா இதைப் பாத்திருந்தா எனக்குக் குடுன்னு பிடுங்கியிருப்பா" என்றார். சிரித்தார் என்று எழுதலாம். பல் தெரிந்தது.

மார்ச் 2, வெள்ளி

அலுவலகத்திலிருந்து நேராக மலைக்கு வந்தேன். நோன்பு வெள்ளி, முட்டையை நுரைக்க அடித்துப் பொரித்துச் சிவப்பு மிளகாய்ச் சாற்றில் போட்டேன். அப்பா ஒன்றுதான் சாப்பிட்டார்.

செவ்வாயன்று விடியும்போது சிங்கத்தைப் பார்த்தாராம். பெரிய தோட்டா ஒன்று போட்டார். படவில்லை, ஆனால் ஓடிவிட்டது. அது குறிவைத்த கன்று பிழைத்தது. அண்ணனுக்கு நானே போன் செய்து சொன்னேன். "பட்டதாரி வாங்கின துப்பாக்கி, சத்தமாவது போடுதே" என்றான். அவனுக்கும் உள்ளூர நிம்மதி என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் சரியாகத்தான் போகிறது. அப்பா மட்டும் மெலிந்திருக்கிறார். அம்மாவின் கோட்டையும் தையல் மெஷினையும் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். தன் நல்ல சேணத்தையும் யாருக்கோ கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். குதிரையே இல்லையே என்றார். நியாயம்தான்.

மார்ச் 11, ஞாயிறு, மருத்துவமனை

 நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று மதியம். ஓடைப் பள்ளத்தில் புதுக் காலடித் தடம். போய்ப் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் சுட்டுப் பழகலாம் என்றார் அப்பா. அம்மாவின் புட்டி ஒன்றைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். நான்கு சரியாக விழுந்தன. ஐந்தாவது — சத்தமே வேறு. தலையணைக்கு அடியில் தட்டின மாதிரி. பலகையில் ஓட்டை விழவில்லை.

அப்பா துப்பாக்கியை இறக்கினார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். "வண்டியில தண்ணி பாட்டில் இருக்கும், எடுத்துட்டு வா கண்ணு" என்றார்.

பாதி வழி போயிருப்பேன், பின்னால் இன்னொரு வெடி கேட்டது.

குழல் வெடித்துப் பூ மாதிரி விரிந்திருந்தது. அப்பா பனியில் உட்கார்ந்திருந்தார். குழலைத் தாங்கியிருந்த வலது கை — சுண்டுவிரலும் மோதிர விரலும் — என் கழுத்துத்துணியைச் சுற்றினேன். ஒன்றே கால் மணி நேரம் ஓட்டினேன்.  வழியில் அப்பா ஒருமுறை, மெதுவாப் போ, வளைவு இருக்கு என்றார்.

குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. குறைந்த மருந்து, சின்னத் துப்பாக்கியைத் தாண்டத்தான் போதும், இருபது அங்குலக் குழலைத் தாண்டப் போதவில்லை. அடுத்த குண்டு அதன் முதுகில் போய் மோதியது. ஆஸ்பத்திரிக் காவலாளி ஒரே நிமிடத்தில் எனக்கு விளக்கிவிட்டார். இதைத்தான் நெஸ்டோரா அக்கா அன்றைக்குச் சொன்னார். இதையேதான்.

மார்ச் 12, திங்கள்

இரண்டு விரலும் இல்லை.

மார்ச் 14, புதன்

அண்ணன் வந்தான். அப்பாவின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சுவரை உதைத்தான். பிறகு நெஸ்டோரா அக்கா கடை மேல் பாய்ந்தான். "இடக்கைக் கிழவனுக்குன்னு தெரிஞ்சே ஓட்டைத் துப்பாக்கியை வித்திருக்கா. வக்கீலைப் பாக்கறேன். கடையை மூட வெக்கறேன்." அப்பா கண்ணை மூடிக்கொண்டு, என் தப்புடா, விடு என்றார். அவன் விடவில்லை. ஈஸ்டர் வரை இல்லை, இப்போதே மாட்டை விற்கிறேன் என்றான்.

நான் ஜன்னல் பக்கம் நின்றேன். நாலு சொல் போதும். அக்கா சொன்னார், நான்தான் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

கல்லூரியில் நான்கு வருடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. மற்ற பிள்ளைகளின் அப்பாக்களெல்லாம் அதே கட்டிடங்களில் படித்தவர்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாதவள் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே வாயைத் திறக்காமல் இருந்து பட்டம் வாங்கினேன். அந்தப் பழக்கத்தின் விலையை அப்பா கொடுத்திருக்கிறார்.

மார்ச் 17, சனி

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தாகிவிட்டது. அண்ணன் மாடுகளைப் பார்க்கப் போயிருந்தான். சூப் கொடுத்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"நெஸ்டோரா அக்கா சொன்னாங்கப்பா. கொஞ்சமா மருந்து போட்டதை நீளக் குழல்ல போடக் கூடாதுன்னு. நான் சரியா கேக்கல. உங்ககிட்டயும் சொல்லல."

அழுதேன். அவர் சூப்பைக் கீழே வைத்தார். 

"அந்தத் தோட்டாவை நிரப்புனது யாரு?"

"நீங்க."

"முப்பது வருஷமா நிரப்பறேன். இதை நெஸ்டோரா வந்து எனக்குச் சொல்லணுமா?"

எனக்குப் புரியவில்லை. தெரிந்துமா அதைப் போட்டீர்கள் என்றேன். முதல் நாலு போய்விட்டதே, போகும் என்றுதான் நினைத்தேன் என்றார். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அஞ்சாவது சத்தம் கேட்டப்பவே தெரிஞ்சுது. உள்ளயே நின்னுடுச்சுன்னு. பச்சைப்புள்ளைக்கும் தெரியும்."

"அப்புறம் ஏம்ப்பா ஆறாவதைச் சுட்டீங்க?"

"என்னமோ. போகட்டும்னு தோணுச்சு. ஒரு நிமிஷம்தான்."

சூப் ஆறி ஏடு கட்டியிருந்தது. அதையே பார்த்தேன். வண்டியில் தண்ணீர் பாட்டில் இருந்ததா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். தேடவே இல்லையே நான்.

"என்னை அதுக்குத்தான் அனுப்புனீங்களா?"

 என் நெற்றியில் கை வைத்தார். மூன்று விரல்.

மார்ச் 18, ஞாயிறு

ஒரு வாரமாக என் தப்பு, என் தப்பு என்று அழுதுகொண்டிருந்தேன். அது எவ்வளவு லேசான பாரம் என்று நேற்றுவரை தெரியாது.

மார்ச் 19, திங்கள்

அலுவலகத்தில் ஆறு வார விடுப்பு கேட்டேன். வாக்கியத்தை ஒத்திகை பார்க்கவில்லை. ஏன் என்று மேலாளர் கேட்டார். அப்பாவைத் தனியா விட முடியாது என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 21, புதன்

இங்கே ஒரு ஆணிடம் அவன் வண்டிச் சாவியைக் கேட்கலாம், நிலத்தைக் கூடக் கேட்கலாம். துப்பாக்கியைக் கேட்க மாட்டார்கள். கேட்டால் உன்னை ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். காலையில் காபி ஊற்றும்போது கேட்டேன்.

"அப்பா, வீட்ல இருக்கற எல்லாத் துப்பாக்கியையும் நான் எடுத்துட்டுப் போறேன். அம்மாவோடதையும்."

கெட்டிலை வைக்கக்கூட இல்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க வெப்ப?" என்றார்.

"நெஸ்டோரா அக்காகிட்ட."

காபியைக் குடித்து முடித்தார். எழுந்து போய், படுக்கைக்கடியில் இருந்ததையும் அவரே எடுத்து வந்தார். அங்கே ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது.

மதியம் டாக்டரிடம் போனோம். தோட்டா விஷயத்தை அப்பா என் முன்னாலேயே சொன்னார், சொல்லச் சொல்லி நான் கேட்டுக்கொண்டதால். செவ்வாய்தோறும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும் என்றார் டாக்டர். அப்பா தலையாட்டினார்.

மார்ச் 22, வியாழன்

நெஸ்டோரா அக்காவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். போர்வையில் சுற்றினதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கடைக் கதவில் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டுப் பின்னறையைத் திறந்தார். இரும்பு அலமாரி. உள்ளே வரிசையாகத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துணித் துண்டு கட்டி எண் மட்டும் எழுதியிருந்தது.

"பெரும்பாலும் பொண்டாட்டிங்க கொண்டாருவாங்க. சில சமயம் ஆம்பளைங்களே வருவாங்க, ரிப்பேர்னு சொல்லி. நானும் ரிப்பேர்னுதான் எழுதிக்குவேன்."

எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "நீயும் அவரும் சேந்து வந்து கேக்கறப்ப. ஒருத்தரா வந்தா இல்ல."

அன்று நீங்கள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்றேன்.  அவனுங்க சிரிச்சதும் நான் உன்னை நிறுத்தி இன்னொரு தடவை சொல்லியிருக்கணும் என்றார். அண்ணன் வக்கீலைப் பார்ப்பேன் என்று பேசிக்கொண்டிருப்பதை நான் சொல்லவில்லை. அதை நான்தான் நிறுத்த வேண்டும்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

அண்ணனிடம் சொன்னேன். முழுவதும். தண்ணீர் பாட்டில் உட்பட.

முதலில் பொய் என்றான். "நம்ம அப்பா அப்படி இல்ல. உன் படிப்பை எங்கிட்ட காட்டாத." பிறகு போய் வண்டியில் உட்கார்ந்தான். இஞ்சினைப் போடவில்லை. கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து வெளுத்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான்தான் நெருக்கினேன்" என்றான். "தேதி வேற வெச்சேன்."

  எனக்கும் ஒரு வாரம் அது என் தப்பாகத்தான் இருந்தது என்றேன்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

மாடு ஏற்ற வந்த வண்டி வெறுமையாகத் திரும்பியது. மாடு விற்கவில்லை. அப்பாவும் போகவில்லை. "அங்க வந்தா நாலு சுவரைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். இங்க கத்துற சத்தத்துக்காவது எழுந்துக்கணும்" என்றார். அண்ணன் வாதாடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். வக்கீல் பேச்சு நின்றது.

இது சரியான முடிவா? தெரியவில்லை. விடுப்பு முடிந்ததும் என்ன செய்வது? தெரியவில்லை. அப்பா குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே போய் நின்றுகொள்கிறேன். அவருக்கும் அது தெரியும். உள்ளிருந்து இருமிக் காட்டுகிறார்.

ஏப்ரல் 10, செவ்வாய்

பேசப் போன இடத்தில் அப்பா இன்று வாயே திறக்கவில்லையாம். அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 22, ஞாயிறு

காலையில் மாடுகள் ஓடைப் பக்கம் கூடி நின்று கத்திக்கொண்டிருந்தன. போய்ப் பார்த்தோம். நெற்றியில் வெள்ளை இருந்த கன்று. சிங்கம் பாதியைத் தின்றுவிட்டு மேலே சருகு தள்ளி மூடியிருந்தது. திரும்பவும் வரும் என்று அர்த்தம்.

சுட எங்களிடம் ஒன்றும் இல்லை.

அப்பா குந்தி உட்கார்ந்து பார்த்தார். இப்போது கேட்பார், நெஸ்டோரா கடைக்குப் போகலாம் என்பார் என்று காத்திருந்தேன்.  தாய்ப்பசு வந்து சருகை முகர்ந்துவிட்டுப் போனது.

"கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு பட்டி அடைக்கலாம்" என்றார். "உசரமா. தாவும், அதனால மேலயும் வலை போடணும். உனக்கு லீவு எத்தனை நாள் மிச்சம்?"

ஏழு என்றேன்.

"மண்ணு இளகிடுச்சு. போதும்."

கம்பத்தை அவர் நேராகப் பிடித்துக்கொண்டார், நான் குழி தோண்டி மண்ணை இடித்தேன். வலது கையில் பிடி நிற்கவில்லை, தோளால் அணைத்துக்கொண்டார். இடது தோளால். வலிக்கிறதா என்று கேட்டேன். "நீ கோணலா நடுறதுதான் வலிக்குது" என்றார். நான்கு கம்பம் முடித்தோம். ஒரு கன்று போய்விட்டது, இன்னும் போகலாம்.

வடக்குப் பக்கத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.